நூற்றெண்பது பேரும் ஒரு மூலையும்

எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் கேப்டன் கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தபோது, அணியின் செயலாளருமான கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் ஸ்குருவைத் திருகிக்கொண்டிருந்தார். கேப்டனின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை காதில்தான்.

"செயலாளர் சார், நேத்து நான் ஃப்ரீ கிக் அடிக்கப் போறேன், மேல் வரிசையில ஒருத்தர் மிட்டாய்க் காகிதம் பிரிக்கிறாரு. என்ன மிட்டாய்னு என்னால சொல்ல முடியும் சார். அவ்வளவு அமைதி."

"நல்லதுதானேப்பா. கவனம் சிதறாது."

"வெளியூர் போனா நம்மளத் திட்டுறாங்க. அதைக் கேக்கவே தெம்பா இருக்கு. சொந்த ஊர்ல கோல் போட்டா, பரீட்சை ஹால்ல இருமின மாதிரி எல்லாரும் நிமிந்து பாக்குறாங்க. அப்புறம் எப்படி ஜெயிக்கிறது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. சொந்த மைதானத்தில் அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மூன்று பக்கமும் அலுமினிய பெஞ்சுகள், இரண்டாயிரம் பேர் உட்காரலாம். வருவது நூற்றெண்பது பேர். ஆளுக்கொரு இடம் வைத்திருந்தார்கள். இந்த மூலையில் ஒருவர், அந்தத் தூணருகே ஒருவர், நடுவில் பத்து பெஞ்சு காலி. கைதட்டத் தோன்றினால் உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டுவார்கள், பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி. உச்சி வரிசையில் ஒருவர் பதினோரு வருடமாக ஒவ்வொரு த்ரோவையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நோட்டுக்காரர் என்றே பெயர். அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

மைக்கில் அறிவிப்புச் செய்வதும் கண்ணாடிக்கடைக்காரர்தான். "மாற்று ஆட்டக்காரர், எண் பதினாலு" என்று அவர் சொல்வது, "இந்த எழுத்து தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கடையில் கேட்பதுபோலவே இருக்கும். அப்படிப்பட்டவர் தலையில்தான் கூட்டத்தைக் கத்த வைக்கிற வேலையையும் கமிட்டி கட்டியது. "மைக் உங்க கையிலதானே இருக்கு" என்றார்கள். மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்தே வராத வாய்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அவரே ஒரு கோஷம் எழுதினார். "வெற்றி பெற வா வா, வீரனே நீ வா வா." அதை அச்சடித்து வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லாரும் மரியாதையாக வாங்கி, மனசுக்குள் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். இடைவேளையில் நோட்டுக்காரர் தன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'வீரனே ஒருமை. ஆடுவது பதினோரு பேர்.'

அதற்கடுத்த ஆட்டத்தில் நடந்ததை அவர் யாரிடமும் சொல்ல விரும்பவில்லை. ஊரே பார்த்துவிட்டதால் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்கிற ஒலிப்பதிவு ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்து மைக்கோடு இணைத்திருந்தார். கோல் விழுந்தால் விரலால் தொட வேண்டும், அவ்வளவுதான். கோல் விழவில்லை. எதிரணிப் பையன் ஒருவன் கணுக்கால் பிசகி விழுந்தான். பதறிப்போய் முதலுதவிக்காரரை அழைக்க மைக்கை எடுத்தபோது முழங்கை போனில் பட்டது. வலியில் துடிக்கிறவனைப் பார்த்து ஐம்பதாயிரம் பேர் ஆர்ப்பரித்தார்கள். நிறுத்தத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். எதிரணிப் பயிற்சியாளர் மைக் அறைக்கு வந்து ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், பாதிச் சாப்பாட்டில் இதையெல்லாம் கொட்டினார். அக்காவுக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை, இருபத்திரண்டு வருட சர்வீஸ். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

"பாட்டு முடியற வரைக்கும் அந்தப் பையன் படுத்தே இருந்தானாடா?"

"சிரிக்காதக்கா. நான் ராஜினாமா பண்ணப் போறேன்."

"பண்ணு, பண்ணு. அதையாவது மைக்ல சத்தமா சொல்லு." தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மேட்ச் என்னைக்கு? எனக்கு லீவு இருந்தா வர்றேன்."

வந்தாள். பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தாள், மீதி நேரமெல்லாம் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மைக் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"எத்தனை பேருடா இருக்காங்க?"

"நூத்தியெண்பது."

"நூத்தியெண்பது பேரு நூத்தியெண்பது பஸ்ல தனித்தனியா போறாங்க. அப்புறம் எவன் எவன்கிட்ட பேசுவான்? காலியா போற பஸ்ல சத்தம் கேட்டிருக்கியா நீ? எல்லாரையும் ஒரே பஸ்ல ஏத்து."

"அவங்கவங்க இடத்தை விட்டு நகர மாட்டாங்கக்கா. நோட்டுக்காரர் பதினோரு வருஷமா அதே இடம்."

"என் பஸ்ல படியில தொங்கறவனெல்லாம் பரம்பரைப் பாத்தியதை கொண்டாடுறவன்தான். உள்ள போறானா இல்லையா?"

அடுத்த ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. காலையிலேயே அக்காவும் தம்பியும் வந்து பெஞ்சுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி, 'பெயின்ட் ஈரம்' என்று அட்டை தொங்கவிட்டார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்தார்கள். பொய் சொல்வது தம்பிக்கு உறுத்தியது. மனசு கேட்காமல் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து, ஒரு பெஞ்சுக்காவது உண்மையிலேயே பெயின்ட் அடித்தார். அக்கா கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நடுவர் குழம்பிப்போவார் என்று அதை மட்டும் கெஞ்சிக் கழற்ற வைத்தார்.

விசில் இல்லாமலே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க! அண்ணே, அந்தப் பையை மடியில வெச்சுக்கங்க, அதுக்கு யாரு டிக்கெட் எடுத்தா? அம்மா, கொஞ்சம் ஒட்டி உக்காருங்க, ரெண்டு பேரு உக்காரலாம். நோட்டு வெச்சிருக்கிற சார், முழங்கையை ஒடுக்குங்க!"

எள் போட்டால் விழாத நெருக்கம். முதலில் எழுந்தது முனகல்தான். காலில் குடையைக் குத்தியது யார் என்று ஒருவர் கேட்டார். பின்னாலிருந்தவர்கள் முன்னாலிருப்பவரின் தொப்பி மறைக்கிறது என்றார்கள். தொப்பிக்காரர் கழற்ற மறுத்தார். ஒரு அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிச் சமாதானம் செய்யப்போய், அந்த அம்மாளின் மகன்தான் இடது பின்கள ஆட்டக்காரன் என்பது தெரிந்துவிட்டது. அவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சில அபிப்பிராயங்கள் இருந்தன. மைக் அறையிலிருந்த கண்ணாடிக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அந்த மைதானத்தில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிற சத்தம் கேட்டது.

அரை மணியில் எதிரணி ஒரு கோல் போட்டது. "ஐயய்யோ" என்று நூற்றெண்பது பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொன்ன பிறகு தாங்களே பயந்ததுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் பிடித்துப்போயிருக்க வேண்டும். அதன் பிறகு பந்து எங்கள் ஆள் காலுக்கு வந்தாலே "போ, போ, போ" என்று ஆரம்பித்தார்கள். கேப்டன் ஒருமுறை ஓடுவதை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்றென்று மூலையைத் திரும்பிப் பார்த்தான். பந்து அவன் காலடியில் புகுந்து வெளியே போனது. அதற்கும் திட்டு விழுந்தது. அவன் முகமெல்லாம் பல்.

இரண்டாம் பாதியில் எதிரணியின் பெனால்ட்டிப் பெட்டிக்குள் எங்கள் ஆள் ஒருவன் விழுந்தான். மூலை மொத்தமும் எழுந்து நின்று பெனால்ட்டி கேட்டது. நடுவர் கையை ஆட்டி, எழுந்து ஆடு என்றார்.

அந்த நடுவர் பக்கத்து ஊரில் கணக்கு வாத்தியார். பட்டை வைத்த புது விளையாட்டுக் கண்ணாடி போட்டிருந்தார். அதை அவருக்குச் செய்து கொடுத்தது யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய படத்தைப் பெரிதாக்கி, 'நடுவர் அணிவது நம் கடைக் கண்ணாடி' என்று கடை வாசலில் ஒட்டிவைத்ததே நம்மவர்தான்.

"ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்றது ஒரு குரல்.

"அவரைச் சொல்லி என்னங்க பண்றது? கண்ணாடி எந்தக் கடை?" என்றது இன்னொன்று.

ஒட்டுமொத்தமாக நூற்றெண்பது தலைகள் மைக் அறைப் பக்கம் திரும்பின.

"கண்ணாடிக் கடை! கண்ணாடிக் கடை!"

கைதட்டலோடு தாளம் சேர்ந்துகொண்டது. அலுமினிய பெஞ்சில் காலால் உதைத்தார்கள். அவர் எழுதிய வா வாவை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. இதை மட்டும் சொல்லிக்கொடுத்ததுபோலப் பாடினார்கள். முன் வரிசையில் நின்று கையை வீசித் தாளம் போட்டது யாரென்று பார்த்தால், கூடப் பிறந்த அக்கா.

கண்ணாடிக்கடைக்காரர் மேஜைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தார். அறை சிறியது, மேஜை அதைவிடச் சிறியது. மைக்கை எடுத்தார். கடையில் பேசுகிற அதே குரலில்தான் பேசினார்.

"அந்தக் கண்ணாடியில ஒரு குறையும் இல்லைங்க. நானே மூணு தடவை சரி பாத்துக் குடுத்திருக்கேன். உங்கள்ல நாப்பது பேரு என் கடையில வாங்கின கண்ணாடியிலதான் இதைப் பாத்துட்டிருக்கீங்க."

சிரிப்பு வெடித்தது. ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள், எதிரணியும் சேர்த்து. நடுவர் நடுமைதானத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார், கூட்டத்தை நோக்கி உயர்த்திக் காட்டினார், திரும்ப மாட்டிக்கொண்டார். அதற்குக் கிடைத்த கைதட்டல் அந்த மைதானத்தில் எந்தக் கோலுக்கும் கிடைத்ததில்லை.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, அந்த மூலைக்கு நேர் எதிரே ஒரு கார்னர் கிக். தலைகளின் கும்பலில் யார் தலையிலோ பட்டு பந்து வலைக்குள் போனது. மூலை எகிறியது. தொப்பி பறந்தது. நோட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தியதில் நோட்டு மூன்று வரிசை கீழே போய் விழுந்தது. மைக்கை அணைக்கவில்லை என்பதை மறந்து கண்ணாடிக்கடைக்காரர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். அறிவிப்பாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியதும் அவர்தான்.

ஒன்றுக்கு ஒன்று. ஜெயிக்கவில்லை. ஆனால் கேப்டன் வேர்வையோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டு, "சார், என் காது இன்னும் ரெண்டு நாளைக்குக் கேக்காது" என்று ஆனந்தமாகச் சொன்னான். நோட்டுக்காரர் மாடியேறி மைக் அறைக்கு வந்தார்.

"கோல் போட்டது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் பாக்கலை. கத்திட்டிருந்தேன்." கரகரவென்று இனிமையான குரல். அவருக்கு இப்படியொரு குரல் இருக்கிறதா என்று கண்ணாடிக்கடைக்காரர் வியந்து போனார்.

சாயங்கால ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா ஓடினாள். போகிற போக்கில், "தம்பி, பின் வரிசையில இன்னும் இருபது பேரு நிக்கலாம், வீணா விட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

கேட்டைப் பூட்ட வேண்டிய காவல்காரர் சாவியோடு காத்திருந்தார். மற்ற நாட்களில் கடைசி விசில் ஊதி இரண்டு நிமிடத்தில் மைதானம் காலியாகிவிடும். இன்று மூலையில் ஐம்பது அறுபது பேர் நின்று பெனால்ட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கில் இரண்டு முறை கேட்டுக்கொண்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரில் சொல்லி அனுப்பிவிடலாம் என்று கண்ணாடிக்கடைக்காரர் இறங்கிப் போனார்.

"வாங்க, வாங்க, நீங்களே சொல்லுங்க. அது பெனால்ட்டியா இல்லையா?" என்று தொப்பிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேரமாச்சு கிளம்புங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இல்லைங்க. அவன் தானா விழுந்தான். நான் தெளிவா பாத்தேன்."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். இடது பின்கள ஆட்டக்காரனின் அம்மா அவரை நியாயம் கேட்டார். நோட்டுக்காரர் படம் வரைந்து காட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் பென்சிலைப் பிடுங்கி, அந்தப் படம் தப்பு என்று இன்னொன்று வரைந்தார், குரலை உயர்த்தி. காவல்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் விழுந்ததைத் தானும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.