இன்வெர்ட்டர் கத்தட்டும்

புயல் போய் மூன்று நாளாகியும் கரண்ட் வரவில்லை. மற்ற வீடுகளுக்கு அது வெறும் இருட்டு, புழுக்கம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் அண்ணனுக்கு மட்டும் கரண்ட் என்பது மூச்சு. நுரையீரல் கெட்டுப்போன மனிதர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும் மெஷின் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலம் உடைந்து கிடந்தது. கைவசம் இருந்த ஒரே சிலிண்டரும் முதல் நாளே தீர்ந்துவிட்டது.

மெக்கானிக் தன் வேனைக் கொண்டுவந்து, மூக்கு சன்னலை ஒட்டியும் புகைக்குழாய் தெருவைப் பார்த்தும் இருக்கும்படி நிறுத்தினான். பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த வயர்களைக் கம்பி வழியாக உள்ளே இழுத்து, ஸ்டூலின் மேல் வைத்த இன்வெர்ட்டரில் முடுக்கினான். செங்கல் அளவே இருந்த அந்தப் பெட்டியில்தான் அண்ணனின் மெஷின் ஓடியது. வேறு எதையும் அதில் சொருகக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அண்ணியின் ஃப்ரிட்ஜில் எல்லாம் கெட்டு நாறியது. அதற்கும் அனுமதியில்லை. எதிர்வீட்டு அக்கா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை தண்ணி கொதிக்க வச்சுக்கிறேன்பா."

"அக்கா, உங்க கெட்டில் இழுக்கிற இழுப்புல இந்தப் பெட்டி படுத்துடும். அது படுத்தா எங்கண்ணனும் படுத்துடுவாரு."

கல்நெஞ்சக்காரன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள். "ஊர்ல இருக்கிற ஃப்ரிட்ஜுக்கெல்லாம் உயிர் குடுத்தவன், இப்ப எனக்கும் குடுக்கிறான்" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வேனை நிறுத்தாமல் ஓடவிட டீசல் போதாது. எனவே மெக்கானிக் ஒரு கணக்குப் போட்டான். நாற்பது நிமிஷம் எஞ்சினை அணைத்து வைப்பது, இருபது நிமிஷம் ஓடவிடுவது. நடுவில் பேட்டரி இறங்கிவிட்டால் பெட்டி பீப் பீப் என்று கத்தும். கத்த ஆரம்பித்து மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். கத்தல் கேட்டவுடனே வேன் சாவியைத் திருப்ப வேண்டும். ஆக்சிஜன் மெஷினுக்கென்று இருந்த அலாரம் எப்போதோ செத்துப்போயிருந்தது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் மெக்கானிக்கேதான்.

தொல்லை அந்தக் கத்தலால்தான் வந்தது. உட்கார்ந்தபடியே கோழித்தூக்கம் போடுகிறவருக்கு ஒவ்வொரு பீப்பும் நெஞ்சில் குத்தியது. திடுக்கிட்டு விழிப்பார், இருமுவார், இருமி முடிப்பதற்குள் கண் செருகிவிடும். "சனியன், மனுஷன ஒரு நிமிஷம் தூங்க விடுதா" என்று அண்ணி பெட்டியைத் திட்டினாள். இரண்டாம் நாள் மெக்கானிக்குக்கும் மனசு கேட்கவில்லை. சத்தம் வரும் துளையின் மேல் கறுப்பு டேப்பைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினான். அண்ணி தைக்கும் முன்னறையில் போய் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தான். மெல்லக் கேட்டது. போதும் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எஞ்சினை அணைத்துவிட்டு, கேனோடு டீசலுக்கு வரிசையில் நிற்கக் கிளம்பினான்.

"அண்ணி, பத்து நாப்பதுக்கு ஸ்டார்ட் பண்ணிடுங்க. அதுக்கு முன்னால கத்துனா உடனே."

"நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க தம்பி."

கேன் நிறைந்து அவன் தெருமுனைக்குத் திரும்பியபோது அண்ணியின் தையல் மெஷின் சத்தம் கேட்டது. காலால் மிதிக்கும் பழைய மெஷின், தெருவுக்கே கேட்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சன்னலை நெருங்கியபோதுதான் இன்னொரு மெஷினின் இரைச்சல் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றவர் உதடு போல இருந்தது. மெக்கானிக் கேனைப் போட்டுவிட்டு வேனுக்குள் பாய்ந்தான். எஞ்சின் முனகி அடங்கியது. மறுபடி முனகியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடி இன்வெர்ட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்தான். ஆக்சிஜன் மெஷின் தடதடவென்று உயிர் பெற்றது. கழுத்தில் துணி அளக்கும் இஞ்ச் டேப்போடு ஓடிவந்த அண்ணி கணவனை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மூச்ச இழுங்க. என்னப் பாருங்க. இழுங்க."

அவர் இழுத்தார். உதட்டில் நிறம் திரும்பச் சில நிமிஷம் பிடித்தது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தெட்டு. அண்ணி மணி தவறவில்லை. தவறியது அவன் கணக்கு. நாற்பது நிமிஷத்தில் இறங்குவது இருபது நிமிஷத்தில் ஏறிவிடாது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இன்று பேட்டரி கைவிட்டது. டீசலை மிச்சம் பிடிக்கிற அவசரத்தில், பேட்டரியோடு பழகின கைக்கு இது தோன்றாமல் போயிற்று.

சரி, பெட்டி கத்தியிருக்குமே. டேப்பைப் பிய்க்கலாம் என்று குனிந்தான். டேப்புக்கு மேலே நாலாக மடித்த நீல லைனிங் துணி ஒன்று நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. முன்னறைத் தையல் மெஷினில் பாதி தைத்தபடி கிடந்ததும் அதே நீலம்தான்.

அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. துணியை அறுத்து உள்ளங்கையில் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தான். அதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னாச்சுப்பா?"

"நான்தான்கா. சத்தம் வராம டேப் ஒட்டி வச்சிருந்தேன். என் தப்பு."

"தம்பி மேல பழி போடாதீங்க" என்றாள் அண்ணி. "அவரு டேப் ஒட்டினப்புறமும் எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேக்காம பண்ணினது நான்." அப்படியே உடைந்து அழுதாள்.

அண்ணன் கையை மெல்லத் தூக்கினார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"நான்தான்... கேட்டேன். அரை மணி... தூங்கணும்னு. எல்லாத்தையும்... பிச்சுப் போடுடா. கத்தட்டும்."

மெக்கானிக் டேப்பைப் பிய்த்து, ஒட்டியிருந்த பசையையும் நகத்தால் சுரண்டி எடுத்தான். கணக்கைத் திருப்பிப் போட்டான். நாற்பது ஓடட்டும், பத்து நிற்கட்டும். டீசலுக்கு இன்னொரு வரிசையில் நின்றால் போயிற்று.

அப்படியும் சாயங்காலத்துக்குள் அது இரண்டு முறை கத்தியது. இரண்டு முறையும் அண்ணன் திடுக்கிட்டு விழித்து இருமினார். அண்ணி அவர் முதுகைத் தடவினாள், மெக்கானிக் வேனுக்கு ஓடினான். யாரும் அதைச் சனியன் என்று சொல்லவில்லை.