கடலிலிருந்து பார்த்த பட்டணம்

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை நேராகச் சுடுகாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய பெருமை, திருவொற்றியூர்க் குப்பத்தில் வேலப்பன் ஒருவனுக்குத்தான் உண்டு. அந்த மாப்பிள்ளையும் அவனேதான்.

தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால்கூட ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மூலக்கொத்தளத்து மதிலில் ஒரு வாசலைக் கண்டதும், "குறுக்கு வழி கெடச்சிட்ச்சி, வாங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனே முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் பழவேற்காட்டிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மாமா சுயம்பு. அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா பச்சையம்மா. கடைசியில் சுயம்புவின் மகள் குணசுந்தரி, தலையில் கனகாம்பரமும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக. நூறடி போன பிறகுதான் மண்வெட்டியோடு ஓர் ஆள் குறுக்கே வந்தான்.

"பொணம் பின்னால வருதா நைனா?"

"பொணமெல்லாம் இல்ல. நாங்க ஊரு சுத்திப் பாக்க வந்தவங்க," என்றான் வேலப்பன். சொன்ன பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தான்.

அந்த ஆள் நாலு பேரையும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தான். "சுத்திப் பாருங்க. இங்க வந்தவங்க யாரும் திரும்பிப் போயி கொற சொன்னதில்ல."

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். சுயம்பு செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு அவள் பின்னால் போனார்.

வேலப்பன் பெண் கேட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்தது. வீடு வாசல், கட்டுமரம், அவன் அம்மா வைக்கும் நெத்திலிக் குழம்பு எல்லாவற்றையும் சுயம்பு வந்து பார்த்தாயிற்று. பதில்தான் வரவில்லை. சுயம்புவிடம் நேரான பதில் வாங்கியவர் பழவேற்காட்டில் யாரும் இல்லை. சோறு போடட்டுமா என்று கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். போட்ட பிறகு போதுமா என்றாலும் அதே பதில்தான். அன்றைக்கும் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் வேலப்பன் வாயை விட்டான்: "மெட்ராஸு எனக்கு உள்ளங்கையாட்டம் மாமா. கண்ண மூடிகினு சுத்திக் காட்டுவேன்."

சுயம்பு யோசித்தார். "அப்ப ஒரு நாளு சுத்திக் காட்டேன். பொண்ணும் வரட்டும். திரும்பிப் படகு ஏறதுக்குள்ள நம்ம விசயத்துக்கு ஒரு முடிவு சொல்லிடறேன்."

வேலப்பன் சொன்னது முழுப் பொய் இல்லை. பதினைந்து வருஷமாக அவன் தினமும் மெட்ராஸைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், கடலிலிருந்து. ஐகோர்ட்டு மேலிருக்கும் விளக்குக்கூண்டு, சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு, ராயபுரத்து மாதா கோயில், மில் புகைப்போக்கி, வடக்கே ஒற்றியூர்க் கோபுரம். இதில் இரண்டை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் வலை போட வேண்டும், எங்கே பாறையில் மாட்டிக் கிழியும் என்று சொல்லிவிடுவான். கரையேறி அந்தக் கட்டடங்களுக்கு நடுவே நடந்தது மட்டும் மொத்தம் மூன்று முறை. அதில் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு, சாட்சி சொல்ல.

இந்த ஏற்பாட்டில் அவனோடு கூட வேலை செய்தவன் ராயபுரத்தில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் அவன் தோஸ்து ஹுமாயூன். வேலப்பனுக்கு எழுத்து வராது. "பட்டணத்துக்கு வர்றவங்க இன்னா இன்னா செய்யணும்னு நாலு வார்த்த எழுதுடா" என்று இவன் கேட்க, ஹுமாயூன் பழவேற்காட்டுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினான். தார் ரோடு சுடும், செருப்பு போட்டு வரவும். மாற்றுப் புடவை வேண்டாம், ஒரே நாள்தான். டிராம் நிற்கிற வரைக்கும் இறங்கக் கூடாது. செத்த காலேஜை, அதாவது மியூசியத்தை, விட்டுவிட்டு ஊர் திரும்பினால் வந்ததே வீண். கடைசியில் வேலப்பன் சொல்லச் சொல்ல எழுதி, அடியில் கோடு போட்ட வரி: 'மிக முக்கியம். பட்டணத்தில் யாரையும் வழி கேட்கக் கூடாது. கேட்டால் வெளியூர் என்று தெரிந்து ஏமாற்றிவிடுவார்கள்.'

அப்படியாக ஐம்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதம் ஒரு விடியற்காலையில், சவுக்குக் கட்டை ஏற்றி வந்த கால்வாய்ப் படகில் மூன்று பேரும் பேசின் பிரிட்ஜில் வந்து இறங்கினார்கள். கால்வாய்க் கரையோரமாகவே நடந்து வந்த வேலப்பன் துறையில் காத்திருந்தான். முதலில் உயிர்க் காலேஜ், புலி சிங்கம் பார்ப்பது. அது சென்ட்ரலுக்குப் பக்கத்தில். ரயில் புகையில் மணிக்கூண்டு தெரியவில்லை. விளக்குக்கூண்டு தெரிந்தது. வேலப்பனுக்கு அது போதும். கடலிலிருந்து பார்த்தால் விளக்குக்கு இடது கைப்பக்கம் மணிக்கூண்டு. ஆகவே இடது பக்கம் நட.

பேசின் பிரிட்ஜ், விளக்குக்கூண்டுக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. அங்கே நின்று பார்க்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும் என்பது, ஊரை ஆயுள் முழுக்க முன்னாலிருந்தே பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்?

சுடுகாட்டு மண்ணை மிதித்தவர்கள் தலை முழுகாமல் அடுத்த இடம் போகக் கூடாது. ஆகையால் மெட்ராஸில் அவர்கள் பார்த்த இரண்டாவது காட்சி தெருக்குழாய். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். சுயம்பு கட்டிய வேட்டியோடு குந்தி உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்.

"டேய் வேலா, லெட்டர்ல இத்த எழுதவே இல்லியே," என்றாள் பச்சையம்மா, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே. "மாத்துப் பொடவ வேணான்னு வேற எழுதியிருந்த."

"குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான் பெரியம்மா. வெயிலு பாரு எப்டி கீதுன்னு."

குணசுந்தரி திரும்பி நின்று தலையைத் துவட்டினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று வேலப்பனுக்குப் பிடிபடவில்லை. காலையிலிருந்து அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அதிர்ஷ்டம் அவன் பக்கம் திரும்பிக்கொண்டது. முச்சந்தியில் அவன் நின்று விளக்குக்கூண்டைத் தேடும்போதெல்லாம் குணசுந்தரி, "அத்த, வெயிலு தாங்கல, இந்தப் பக்கம் நெழலு கீது" என்று பச்சையம்மாவைக் கையைப் பிடித்து ஒரு தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போவாள். அவர்கள் பின்னால் போனால் அதுதான் சரியான தெருவாக இருக்கும். இரண்டு தெரு தாண்டியதும் மணிக்கூண்டு எதிரே நின்றது. "நான் சொல்லல?" என்றான் வேலப்பன். அவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உயிர்க் காலேஜில் புலி தூங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா கீதா மாமா, புலி?"

"பாக்கலாம்," என்றார் சுயம்பு, புலியைப் பார்த்துக்கொண்டே.

எழும்பூரில் செத்த காலேஜ். அதற்கும் நிழலே வழிகாட்டியது. அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டதும் சுயம்பு செருப்பைக் கழற்றினார். தலையிலிருந்து வால் வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே போனார். திரும்பி வந்து இன்னொரு முறையும் அளந்தார். கடலில் பிழைக்கிறவர் அந்த விலா எலும்புகளை அண்ணாந்து பார்த்த பார்வையில் வேலப்பன் அன்றைய சுடுகாட்டை மறந்தான். ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்தது.

"இத்த உசிரோட பாத்திருக்கியாடா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"ஒரு வாட்டி. எண்ணூருக்கு நேரா, ரொம்ப தூரத்துல. முதுகு மட்டும் தெரிஞ்சிது. புஸ்ஸுன்னு தண்ணிய ஊதிச்சி."

"அப்பறம்?" இது குணசுந்தரி. அவள் முதன்முதலாக அவனைப் பார்த்துக் கேட்டாள்.

வேலப்பனிடம் இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஹுமாயூன் கடையில் சொல்கிற முடிவில் ஒரு துடுப்பும் கொஞ்சம் வீரமும் வரும். அவள் கண்ணைப் பார்த்ததும் அது ஏனோ வாயில் வரவில்லை.

"வலய சுருட்டிகினு வந்துட்டேன்."

"பயமா?"

"பயந்தான். ரெண்டு நாளு கடலுக்கே போவல. அம்மாவாண்ட காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

அவள் மறுபடி திமிங்கிலத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்த முறை சிரிப்புதான்.

தூக்கில் இருந்த புளிச்சோற்றை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, டிராம் பிடித்து ராயபுரம் வந்து கடற்கரையில் இறங்கினார்கள். ஹார்பரில் நின்ற கப்பல்களைப் பச்சையம்மா விரல் விட்டு எண்ணினாள். வேலப்பன் மணலில் கால் வைத்ததும் ஆளே மாறிப்போனான். இங்கே இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருந்தது. மாதா கோயிலை எதற்கு நேரே வைத்தால் வஞ்சிரம் கிடைக்கும், எந்த இடத்தில் வலையை இறக்கவே கூடாது என்று சுயம்புவுக்குக் கைநீட்டி நீட்டிச் சொன்னான். சுயம்புவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தப் பேச்சிலேதான் நேரம் போய்விட்டது.

படகு பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும். நாலு பேரும் வண்ணாரப்பேட்டைக்குள் எட்டி நடந்தார்கள். ஒரு நாற்சந்தி வந்தது. வேலப்பன் நின்றான். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், வானத்தில் ஒரு கூண்டும் இல்லை, கோபுரமும் இல்லை. எப்போதும்போல் அதிர்ஷ்டத்துக்காகக் குணசுந்தரியைப் பார்த்தான். வெயில் இறங்கிவிட்டது. நாலு தெருவிலும் நிழல்தான். அவள் ஒரு கடைப் பலகையைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்பா?" என்றார் சுயம்பு. அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

இடது என்று சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கலாம். காலையிலும் அப்படித்தான் சொன்னான். படகை விட்டுவிட்டு, மறுபடி எந்த மதிலுக்குள்ளாவது இவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதோடு சரி. சுயம்புவின் 'பாக்கலாம்' அப்புறம் எந்தக் காலத்திலும் வேறு சொல்லாக மாறாது. தெரியாது என்றாலும் அதே கதிதான். இரண்டிலும் பெண் போய்விடும். தெரியாது என்று சொன்னால் படகாவது கிடைக்கும்.

"தெரில மாமா," என்றான் வேலப்பன். "காத்தாலயும் தெரில. இந்த ஊரு எனக்குக் கடல்லேந்துதான் தெரியும். கரைல நான் உங்களாட்டம்தான். உள்ளங்கைன்னு சொன்னது சும்மா வாய்க்கொழுப்பு."

பச்சையம்மா சுயம்புவைப் பார்த்தாள். சுயம்பு வானத்தைப் பார்த்தார். வேலப்பன் யாரையும் பார்க்காமல், எதிரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரனிடம் போனான்.

"அண்ணாத்த, பேசின் பிரிட்ஜி படகுத்துறைக்கு எப்டி போவணும்?"

"வெளியூரா?"

"ஆமா," என்றான், ஒற்றியூர்க்காரன்.

"இப்டிக்கா நேரா போயி, அரச மரத்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் ஒடிச்சி, அங்க யாரனாண்ட கேளு."

கேட்டான். அரச மரத்தடியில் ஒருவனை, மாவு மில் வாசலில் ஒருத்தியை, சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி. கேட்க ஆரம்பித்த பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. மொத்தம் பதினோரு பேர். ஒருவரும் ஏமாற்றவில்லை. பதினோராவது ஆள் அவர்களுக்குப் பழக்கமானவன்தான், மூலக்கொத்தளத்து மண்வெட்டிக்காரன், வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். "எல்லாம் பாத்தாச்சா?" என்று விசாரித்துவிட்டுத் துறைவரைக்கும் அவனே கூட வந்தான்.

படகு இருந்தது. ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா ஏறி, காலை நீட்டி உட்கார்ந்தாள். "காலு போச்சி. ஆனா ஊருல போயி சொல்றதுக்கு விசயம் நெறைய கீது," என்றாள் திருப்தியாக. சுயம்பு ஏறினார்.

வேலப்பன் கரையில் நின்றபடியே கேட்டான். "மாமா, ஒரு முடிவு சொல்றேன்னு சொன்னீங்க."

சுயம்பு கால்வாயைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "அதுக்கின்னாப்பா. பாக்கலாம்."

குணசுந்தரி இன்னும் ஏறவில்லை. இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஹுமாயூன் எழுதிய கடிதம், குழாய்த் தண்ணீரில் மை ஊறிப்போயிருந்தது.

"இத்த நீயே வெச்சிக்க. வேற யாருக்கும் அனுப்பிடாத."

"கடசி வரிதான் தப்பு," என்றான் வேலப்பன். பிறகு, நாள் முழுக்க மனசின் மூலையில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டான். "நெழலு நெழலுன்னு கூட்டிகினு போனியே, அது எப்டி எல்லாம் சரியான தெருவாவே இருந்திச்சி?"

"மிசன் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது படிச்சிருக்கேன். சென்ட்ரலு இந்தப் பக்கம், எழும்பூரு அந்தப் பக்கம்னு மொனைக்கு மொனை போட்டிருந்த போர்டு படிச்சிகினே வந்தேன். வண்ணாரப்பேட்டைல கட போர்டுதான் இருந்திச்சி, வழி போர்டு இல்ல."

"மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"வழி கேக்கக் கூடாதுன்னுதான எழுதியிருந்த. வழி சொல்லலாமான்னு எழுதலியே."

படகுக்காரன் கழியை ஊன்றிக் கத்தினான். அவள் பலகையில் ஒரு காலை வைத்தாள். வேலப்பன் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"உங்கப்பாரு பாக்கலாம்னுட்டாரு. நீ இன்னா சொல்ற?"

குணசுந்தரி படகில் ஏறி, தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். சுயம்புவுக்கும் படகுக்காரனுக்கும் நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னாள்.

"கட்டிக்கிறேன். சித்திர போவட்டும், வைகாசில வெச்சிக்கலாம். பொண்ணழைக்க வரும்போது மட்டும் கடல் வழியா வா."