கரிக்கு மாறும் நாள்

"ஆபீஸ்ல எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் எதுக்குங்க? பேச மாட்டேன்னா பேச மாட்டேன்."

"பொண்டாட்டி தயவுல பொழைக்கிறான்னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் அந்த பாய்லர் முன்னால என்னால நிமிர்ந்து நிக்க முடியாது."

"நீங்க எப்ப நிமிர்ந்து நின்னீங்க? எப்பப் பாத்தாலும் குனிஞ்சு நெருப்பைத்தானே பாத்துக்கிட்டிருக்கீங்க!"

கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே கொடுத்த வாக்கு அது. ஏழு வருஷம் கழித்துத் தொண்டையில் முள்ளாக நிற்கும் என்று யார் கண்டது?

அட்டை தயாரிக்கும் அந்த ஆலையில் அவளுக்கு மாடியில் எரிபொருள் பிரிவில் வேலை. கீழே பாய்லர் கூடத்துக்கு அவன் பொறுப்பு. அங்கே இரண்டு பாய்லர்கள் சக்களத்திகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று எரிந்தால் மற்றது அணைந்திருக்கும். ஒன்றுக்கு கேஸ், இன்னொன்றுக்கு நிலக்கரி. திங்கட்கிழமைதோறும் இரண்டின் விலையும் வரும். எதில் நீராவிக்குச் செலவு குறைவோ, அதை எழுதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். சீட்டு கீழே போனால்தான் நெருப்பு மாறும். அதனால் ஆலையில் அவள் பெயர் 'தீக்குச்சி'. ஆள் மெலிவு என்பதும் ஒரு காரணம்.

கேஸில் ஓடும் மாதங்களில் அவன் வெள்ளைச் சட்டையிலேயே வீடு வந்து சேர்வான். கரி என்றால் அடிக்குழியில் விழும் சுடுசாம்பலை அவனும் மூன்று பேரும் மண்வெட்டியால் வாரித் தள்ள வேண்டும். போன முறை கரி ஐந்து மாதம் எரிந்தது. கடைசி மாதம் அவன் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினான். "இன்னொரு தடவை அந்தத் தூசில நின்னா நுரையீரல் தாங்காது" என்றார் டாக்டர். தன் அம்மாவிடம் அவன் அதை வெறும் சளி என்று சொல்லி வைத்தான்.

வழி இல்லாமல் இல்லை. சாம்பலை உறிஞ்சி மூடிய தொட்டியில் கொட்டும் குழாய் இருக்கிறது. பொருத்தப் பத்து நாள் ஆகும். அதுவரை கரி பாய்லர் அணைந்திருக்க வேண்டும். முன்பு கூடத்தில் இருந்த மேஸ்திரி முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். கரி எரியும்போது, "ஓடுற வண்டிக்குச் சக்கரம் மாத்த முடியுமாய்யா?" என்றார் முதலாளி. கேஸுக்கு மாறியதும், "சாம்பலே இல்ல, குழாய் எதுக்கு?" என்றார். மேஸ்திரி வேறு ஆலைக்குப் போய்விட்டார். அதோடு கேட்பதற்கு ஆளில்லை. அவளுக்கு மட்டும் தினமும் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகும்.

இந்தத் திங்கள், கேஸ் விலை கிடுகிடுவென ஏறியிருந்தது. கரி இறங்கியிருந்தது. மூன்று முறை கணக்குப் போட்டாள். மூன்று முறையும் கரிதான் ஜெயித்தது.

கரியின் ஈரம் ஒன்பது சதவீதம் என்று பரிசோதனைத் தாள் சொன்னது. ஈரம் கூடினால் சூடு குறையும். ஒன்பதைப் பதினைந்தாக்கினால் இந்த வாரம் கேஸே ஓடும். பேனா அந்த ஒன்பதின் மேல் போய் நின்றது. சரி, அடுத்த வாரம்? முற்றத்துக் குவியலில் ஒரு கை அள்ளிப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். 'கரி' என்று எழுதினாள். கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

"என்ன தீக்குச்சி, இன்னும் உரசலையா?" முதலாளி வாசலில் நின்றார். "இப்பப் பத்த வச்சாத்தான் சாயங்காலம் பிரஷர் ஏறும். ஒவ்வொரு மணி நேரமும் காசு ஆவியாப் போகுது."

மாடிப்படியில் காலடி கேட்டது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பாதியில் நின்றது. இருமல். பிறகு மெல்ல ஏறியது. கேஸில் ஓடி ஏழு மாதம் ஆகியும் போகாத இருமல்.

"சீட்டு கிடைச்சா ஆளுங்களை இறக்கிடுவேன், சார்" என்றான், அவளைப் பார்க்காமல்.

"பாத்தியா, உன் வீட்டுக்காரர் தயார். நீதான் இழுத்தடிக்கிற. வீட்டுல சண்டையா?"

இப்போது அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்றது அந்தப் பார்வை. பேசினால் ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டான். ஒரு மாதம்கூட ஆகலாம். கோபித்துக்கொள்ளவாவது ஆள் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"கரி பாய்லர் இப்ப அணைஞ்சிருக்கு, சார். நான் கையெழுத்துப் போட்டா இன்னும் எத்தனை மாசத்துக்கு அணையாதோ தெரியாது."

"ஏம்மா..." என்று அவன் தடுக்கப் பார்த்தான்.

அவள் நிறுத்தவில்லை. "பத்து நாள் கேஸ்லயே ஓட்டுங்க. சாம்பல் உறிஞ்சுற குழாயைப் போட்டுட்டு அப்புறம் கரியைப் பத்த வைங்க. கீழ நாலு பேர் இருக்காங்கதான். ஆனா பொய் சொல்ல மாட்டேன். என் புருஷனுக்காகத்தான் கேக்கறேன், சார்."