பிரதம விருந்தினர் ஹெலன்

கல்லூரியில் என்னை எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள். வாயைத் திறக்காத ஆளைப் பற்றி வேறு என்னதான் சொல்வது? வகுப்பு முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள், நடுவில் தவநாயகி என்று நான் ஒருத்தி. அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. எனக்குப் பேசத் தெரியாமல் இல்லை. காலையில் லண்டனின் பார்க்கிங் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இறங்கும் வரை, அன்றைக்குச் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன். மழையைப் பற்றி ஒத்திகை பார்த்த நாளில் வெயில் எறிக்கும். முதல்நாள் டிவி நாடகத்தைப் பற்றி அருமையாக ஒரு வசனம் தயாராகியிருக்கும். அவர்களோ யாருடைய நாய்க்கோ உடம்பு சரியில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சிரித்துவிட்டு ‘யெஸ்’ என்பேன். நாய் செத்துப்போனதைச் சொன்னபோதும் சிரித்துவிட்டு ‘யெஸ்’ என்றிருக்கிறேன்.

என் பக்கத்துக் கதிரையில் ஹெலன் இருப்பாள். ஊதா நிறத் தலைமயிர், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், காலில் பட்டாளத்துச் சப்பாத்து. மதியம் என்னோடு இருந்துதான் சாப்பிடுவாள். அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். இதற்குப் பெயர் சிநேகிதமா, இல்லை அவளுக்குத் தனியாக இருந்து சாப்பிடப் பிடிக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். லண்டனில் எங்கள் ஆட்களை விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளையும் தொலைத்துவிட்டால் மிச்சப் படிப்பு முழுவதும் கன்டீன் சுவரைப் பார்த்தபடி சாண்ட்விச் கடிக்க வேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, “சனிக்கிழமையில் எதற்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாயே, எங்கேதான் போகிறாய்?” என்று கேட்டாள். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன், நாளைக்கு ஆண்டு விழா என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். “நானும் வரட்டுமா?” என்றாள். வேண்டாம் என்பதை நாகரிகமாகச் சொல்ல ஒரு வசனம் வேண்டும். அதை நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. ‘யெஸ்’ என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்களின் பழக்கம் எனக்குத் தெரியாதா? எந்த விழாவிலும் ஒரு வெள்ளை முகம் தெரிந்தால், அது யார், எதற்கு வந்தது என்று கேட்கவே மாட்டார்கள். முன்வரிசையில் இருத்தி மாலை போட்டுவிடுவார்கள். முந்திய வருடம் மண்டபத்து ஹீற்றரைத் திருத்த வந்த மனிதனுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்த ஆள் ஸ்பானரைக் கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஹெலனைக் கடைசி வரிசையில் ஒளித்து வைத்து, இடைவேளையிலேயே அனுப்பிவிடுவது என்று திட்டம் போட்டேன்.

அழைப்பிதழ் அட்டையில் நாலு மணி என்று போட்டால் ஐந்தரைக்கு வரவேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஹெலனுக்கு யார் சொல்வது? நாலு மணிக்கே வந்து நின்றாள். நான் மேடையில் நாடகப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

“டேய் ராசா, சிரிக்காதை, மீசை விழப்போகுது! ஆரடா திரையைப் பிடிச்சு இழுக்கிறது? கையை முறிப்பன்! யோகராஜா அண்ணை, மைக் கத்துதெண்டு நீங்களும் சேர்ந்து கத்தாதேங்கோ!”

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஹெலன், வாயைப் பிளந்தபடி. எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவளைக் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

அம்மா அவளுடைய முழங்காலைப் பார்த்துவிட்டு என் காதுக்குள், “பாவம், காசில்லாத பிள்ளைபோல. உன்ர பழைய சட்டை ஒண்டு குடுப்பமே?” என்றா.

மண்டபம் நிறையும்வரை ஹெலன் அங்கேயிருந்து நான் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தமிழ்ப் பள்ளித் தலைவர் தில்லையம்பலம், கோட்டும் டையுமாக உள்ளே வந்தார். ஊதாத் தலை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“ஆர் பிள்ளை இவ?”

“என்னோட படிக்கிறவ, சேர். சும்மா பாக்க வந்தவ.”

“கல்லூரியில இருந்தோ!” என்றார். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

நான் மேடைக்குப் பின்னால் ஒரு மந்திரிக்கு வேட்டி கட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஹெலன் முன்வரிசையில் இருந்தாள். கழுத்தில் மாலை. தோளில் பொன்னாடை, அதன் தொங்கலை அம்மா முன்னுக்கு வந்து இழுத்து முழங்காலை மூடிவிட்டுப் போயிருந்தா. குத்துவிளக்கு ஏற்ற நெருப்புப்பெட்டியைக் காணவில்லை என்று நாலு பேர் ஓடித் திரிய, ஹெலன் ஜீன்ஸ் பொக்கற்றிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து ‘டிக்’ என்று ஏற்றிவிட்டாள். சனம் கைதட்டியது. தில்லையம்பலம் மைக்கைப் பிடித்தார். “இப்பொழுது பிரதம விருந்தினர் உரையாற்றுவார். செல்வி தவநாயகி மொழிபெயர்ப்பார்.”

திங்கட்கிழமை இவள் இதையெல்லாம் கல்லூரியில் சொல்லிச் சிரிக்கப்போகிறாள், பிறகு என் பக்கத்தில் இருக்கவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் மேடையேறினேன்.

“ஹலோ,” என்றாள் ஹெலன். “எனக்கு ஏன் மாலை போட்டீர்கள் என்று தெரியவில்லை.”

“இந்த மாலை மரியாதைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்கிறார்,” என்றேன். பலத்த கைதட்டல்.

ஹெலன் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “கல்லூரியில் ஒரு வருடமாக இவள் பக்கத்தில்தான் இருக்கிறேன். பேசவே மாட்டாள். என்னைப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். இங்கே வந்து பார்த்தால் மேடையில் நின்று ஊரையே அதட்டுகிறாள். எனக்கு இந்தத் தவநாயகியோடு சிநேகிதமாக இருக்க ஆசை. தயவுசெய்து திங்கட்கிழமை இவளையே கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள்.”

மண்டபம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் போய் எப்படிச் சொல்வது?

“தமிழ் மிக இனிமையான மொழி என்கிறார்,” என்றேன். “பிள்ளைகள் எல்லோரும் ஊக்கமாகப் படிக்க வேண்டுமாம்.”

பெரியவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் பிரதம விருந்தினர் பேச்சை யார் கவனிக்கிறார்கள்? வடைத் தட்டு எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறந்துபோனது முன்னால் நிலத்தில் இருந்த என் மாணவர்களை. அவர்களுக்குத் தமிழ்தான் தகராறு, இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

“ரீச்சர்! அவ அப்பிடிச் சொல்லேல்லை!” என்று ஒரு சின்னது எழும்பிக் கத்தியது.

“ஓம், ரீச்சர் பொய் சொல்லுறா!” என்று மிச்சமெல்லாம் சேர்ந்து கத்தின. வருடம் முழுக்கக் கெஞ்சியும் வராத முழுத் தமிழ் வசனம் அன்றைக்குப் பிழையில்லாமல் வந்து விழுந்தது. பாராட்டும் நிலையில் நான் இல்லை.

“பிள்ளை, உள்ளதைச் சொல்லும்,” என்றார் தில்லையம்பலம்.

வேறு வழியில்லை. “நான் கல்லூரியில வாயே திறக்கிறேல்லையாம்,” என்றேன்.

பிறகு பாருங்கள் ஒரு சிரிப்பு! யோகராஜா அண்ணை சிரித்த சிரிப்பில் மைக் மறுபடி கத்தத் தொடங்கியது. அம்மா கடைசி வரிசையில் எழும்பி நின்று, “ஆர், எங்கட தவமோ? பிள்ளை வேற ஆரையோ பாத்திட்டு வந்து சொல்லுது!” என்றா.

“ஏன் சிரிக்கிறார்கள்?” என்று ஹெலன் கேட்டாள்.

“நீ சொல்வதை ஒருவரும் நம்பவில்லை,” என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவளை எனக்குப் பிடிக்காதாம்! ஒரு வருடமாக நான் அவளுக்குப் பயந்து, அவள் எனக்குப் பயந்து, இரண்டு பேரும் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு வீணாகப் போயிருக்கிறோம். எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

விழா முடிந்தது. மண்டபத்தைக் கூட்டித் துடைத்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். வழக்கம்போல ஆண்கள் எல்லோரும் வாசலில் நின்று அரசியல் பேச, நான் ஒரு நீள மேசையைத் தனியே இழுத்துக்கொண்டிருந்தேன். ஹெலன் மாலையோடு பெரிய கதிரையில் இருந்தாள். ஒரு மாமி வடை, ஒரு மாமி தேத்தண்ணி, இன்னொரு மாமி அவள் எழும்பாமல் காவல்.

எனக்கு எரிச்சல் வந்தது. வாயில் வந்ததை இங்கிலீஷில் அப்படியே கத்தினேன். “ஹெலன்! என்ன மகாராணி மாதிரி இருக்கிறாய்? எழும்பி வந்து மற்றப் பக்கத்தைத் தூக்கு!”

அவள் முகமெல்லாம் பல்லாக, வடையை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தில்லையம்பலம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

“ஐயோ பிள்ளை, என்ன வேலை இது! விருந்தாளியை மேசை தூக்க விடுறதோ?”

“அவ விருந்தாளி இல்லை, சேர், என்ர சிநேகிதி,” என்றேன். “வழியை விடுங்கோ, உங்கட கால்ல போட்டிடுவம்.”