வலப்பக்கம் சுழலும் இறகு

கிளென் தன் நீள்வில்லுக்கு ஆறு அம்பு முனைகளை வாங்கி, நாள் முழுக்கத் தீட்டி, அம்புகளில் பசையால் ஒட்டியிருந்தான். போன வருடம் அவனிடம் அடிபட்ட காட்டுப்பன்றி கரும்புக்குள் இரண்டு நாள் துடித்துச் செத்தது. இம்முறை ஒரே அம்பில் முடிய வேண்டும் என்பதே அவன் வேண்டுதல்.

கிளம்பும்போது நண்பன் மெர்வின் அம்பை வாங்கிப் பார்த்தான்.

"வால்ல இருக்கிற இறகு அம்பை வலப்பக்கம் சுத்த வைக்கும், முனையோட சரிவு இடப்பக்கம் சுத்த வைக்கும். ரெண்டும் மல்லுக்கட்டினா எங்கடா ஆழமா இறங்கும்?"

"மூணு கடை ஏறி இறங்கினேன். எடை, அகலம் எல்லாம் கேட்டேன். இதை மட்டும் கேக்கல," என்று கிளென் ஆறு அம்பையும் வண்டிக்குள் எறிந்தான்.

"ரொம்பக் கெட்டிக்காரன்."

மெர்வின் அடுப்பைப் பற்றவைத்தான். தன்னிடம் இருந்த இரண்டு அம்புகளில் ஒன்றின், வலப்பக்கம் சுழலும்படி சரிவாகத் தீட்டிய முனையை அனலில் காட்டி, பசை இளகியதும் கழற்றி நீட்டினான்.

"அப்ப உனக்கு?"

"இன்னொண்ணு இருக்கே. ஆளுக்கு ஒண்ணு. பொறுமையா அடிப்போம்."