டெக்லனைத் தப்பவிட்டது

டெக்லன் ஓடிப்போனது காலையில் பெயர் கூப்பிடும்போதுதான் தெரிந்தது. அரிசோனாவின் அந்தக் குதிரைப்படைக் கோட்டையிலிருந்து சிப்பாய்கள் ஓடுவது புதிதல்ல. ஆனால் இவன் சார்ஜென்ட் கார்மக்கின் மச்சினன். தேடிப் பிடித்து வரும்படி கேப்டன் அனுப்பியதும் கார்மக்கையேதான்.

கார்மக்கின் மனைவி ஊனா படைக்குத் துணி வெளுப்பவள். தம்பியை அயர்லாந்திலிருந்து வரவழைத்து, கேப்டனிடம் கெஞ்சிப் படையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அவன் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்த கணவனிடம் ஈரக்கையோடு போய் நின்றாள்.

"பிடிச்சா என்ன பண்ணுவாங்க?"

"ஜெயில்தான். ரெண்டு வருஷம் காலுல இரும்புக் குண்டைக் கட்டிக் கல்லுடைக்க விடுவாங்க."

"அவன் தாங்க மாட்டான் கார்மக். கண்ணுல பட்டாலும் படாத மாதிரி வந்துடு. எனக்காக."

இருபது வருடத்தில் ஒரு கட்டளையைக்கூட மீறாதவன் கார்மக். சேணத்தின் வாரை இறுக்கிவிட்டு இரண்டு சிப்பாய்களோடு கிளம்பினான்.

ஐந்தாம் நாள் வெறுங்கையோடு திரும்பி, குதிரையின் குளம்புத் தடம் பாறையில் மறைந்துவிட்டது என்று கேப்டனிடம் சொன்னான். அவர் நம்பினார். வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னான். கூட வந்தவர்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தபோது, ஓர் ஓடைப் பள்ளத்தில் டெக்லன் தனியாகச் சிக்கினானாம்.

"என்னைப் பார்த்ததும், 'மாமா, அனுப்புறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா'ங்கறான். என் தண்ணிக் குடுவையையும் குடுத்து, மெக்சிகோவுக்கு வழி சொல்லி அனுப்பிட்டேன்."

ஊனா சிரித்தாள், அழுதாள், கணவனின் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து ரோந்துக்காரர்கள் டெக்லனின் உடலைக் குதிரைமேல் குறுக்கே போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். எல்லைக்குப் பத்து மைல் இருக்கையில் குதிரை கால் முறிந்து விழுந்திருக்கிறது. நடந்து பார்த்திருக்கிறான். தாகம் கொன்றுவிட்டது. பக்கத்தில் கிடந்த குடுவையில் சார்ஜென்டின் எண் இருந்தது. ரோந்துக்குத் தலைமை தாங்கிய கார்ப்பரல் அதைக் கேப்டன் கண்ணில் காட்டாமல் கார்மக்கின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஓடிப்போனவனுக்குப் படை மரியாதை கிடையாது. வேலிக்கு வெளியே கார்மக்கே குழி தோண்டினான். பாதி தோண்டியதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கூட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் கல்லுடைச்சிட்டு இருப்பான்."

'நீ சொல்லித்தானே விட்டேன்' என்று அவன் சொல்லுவான் என ஊனா காத்திருந்தாள். சொல்லியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள், நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவன் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகு என்றும் இல்லை.

தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்று அம்மாவுக்கு எழுதினாள். அடுத்த வசந்தத்தில் படை டக்கோட்டாவுக்கு மாற்றலானது. முன்னால் கார்மக் குதிரையில் போக, துணி மூட்டைகள் ஏற்றிய வண்டியில் ஊனா பின்னால் போனாள்.