வால் கனத்த ராக்கெட்

வெளியூர் வேலைக்குக் கிளம்புமுன் அண்ணன் ஒரு முட்டாள்தனம் செய்தான். பாதியில் நின்ற ஆள் உயர ராக்கெட்டைத் தங்கையிடமும் மனைவியிடமும் சேர்த்தே ஒப்படைத்தான். "ரெண்டு பேருமா முடிச்சுப் பறக்க விடுங்க" என்றான். எலியையும் பூனையையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டுப் போன கதைதான்.

தங்கை ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்ப்பவள். வீட்டில் படகுக்காரி என்றே கூப்பிடுவார்கள். அண்ணி சமையலறை அலமாரிகள் செய்யும் கடை வைத்திருந்தாள். தடிமனாக இருந்தால்தான் உழைக்கும் என்பது அவள் வேதம்.

படகுக்காரி மெல்லிய பிளைவுட்டில் வால் துடுப்புகளை வெட்டினாள். ராக்கெட்டின் அட்டைக் குழாயில் பிளவு போட்டு, உள்ளே மோட்டார் உட்காரும் சின்னக் குழாய்வரை அவற்றைச் செருகி ஒட்டினாள். மேலே ஒரே சுற்று ஃபைபர் துணி. ரெசின் தடவி, மிஞ்சியதைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் வந்து பார்த்தால், ஒவ்வொரு துடுப்பிலும் இரும்புப் பட்டை. சுற்றிலும் களிமண் அப்பியதுபோல் பசை.

"யாரைக் கேட்டுக் கை வெச்சீங்க அண்ணி?"

"என் புருஷன் ராக்கெட்டுக்கு யாரைக் கேக்கணும்? நீ ஒட்டுனது தும்முனாலே பிச்சுக்கும்."

படகுக்காரி ராக்கெட்டின் நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வால் தடாலென்று சாய்ந்தது.

"பின்னாடி இவ்ளோ கனம் இருந்தா, மேல போய்க் குட்டிக்கரணம் போடும்."

"அப்ப மூக்குல ஈயத்தைப் போடு."

"போட்டா மோட்டாரால தூக்க முடியாது. நீங்க செய்யறது ராக்கெட்டா, பீரோவா?"

அன்று சாயங்காலம் முழுக்கப் படகுக்காரி பசையை அரத்தால் ராவி எடுத்தாள். பட்டைகளைக் கழற்றி அண்ணியின் கடைவாசலில் வீசினாள். அண்ணி சும்மா விடுவாளா? வந்து, வால் வெளியே நீட்டியிருக்கும்படி ராக்கெட்டை மேசையோடு சேர்த்துக் கட்டினாள். துடுப்பில் தன் கருவிப்பெட்டியைத் தொங்கவிட்டாள். துடுப்பு அசையவில்லை. ஆனால் அதற்குச் சற்று மேலே, அட்டைக் குழாயில் சுருக்கம் விழுந்தது.

"பாத்தியா, உன் கைவேலை பல்லை இளிக்குது!"

அந்தக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது படகுக்காரிக்கு. ஆனாலும் கண்ணெதிரே தெரிவதை இல்லையென்று சொல்ல முடியுமா? மோட்டார் குழாய் முடிகிற இடத்தில் வெளிக்குழாய்க்கு உள்ளே ஒரு துணையும் இல்லை. சுருங்கிய துண்டை வெட்டியெறிந்து, உள்ளே ஒரு சாண் குழாயை இணைப்பாக வைத்து ஒட்டினாள். அங்கே மட்டும்தான், வேறெங்கும் ஒரு சொட்டுப் பசை கூடவில்லை. நன்றி என்ற சொல்லும் அவள் வாயில் வரவில்லை.

ராக்கெட் கிளப் மைதானத்துக்கு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. ராக்கெட் நூல் பிடித்தாற்போல் ஏறியது. பாராசூட் விரிந்து, ஒரு கீறலும் இல்லாமல் இறங்கியது. படகுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"செஞ்சது யாரு?" என்று கேட்டார் கிளப் செயலாளர்.

"நான்தான்" என்றாள் அண்ணி, மற்றவள் வாய் திறக்குமுன்.

படகுக்காரி நேரே ராக்கெட்டிடம் போனாள். குழாயோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்து, மூக்குக் கூம்பையும் பாராசூட்டையும் தன் பைக்குள் திணித்தாள்.

"ஏய், வெச்சுட்டுப் போடி!"

"நீங்கதானே செஞ்சீங்க? இன்னொண்ணு செஞ்சுக்குங்க."

மூக்கறுந்த குழாயைத் தோளில் சுமந்து அண்ணி ஒரு வழியாகவும், படகுக்காரி வேறு வழியாகவும் வீட்டுக்கு நடந்தார்கள்.